கொழும்பில் கோயிலுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி மாதம் பிறந்தால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா குடும்பம், இலண்டனிலிருந்து மச்சாள், வவுனியாவிலிருந்து கண் வைத்தியரைப் பார்க்க வந்த பெரியம்மா என்று வீடு நிறைந்துவிடும். எல்லாரையும் கோயில்களுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் வழிநெடுகக் கேள்வி கேட்பார்கள். முதல் சில ஆண்டுகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். பிறகு எனக்கே வெட்கமாகி, குருக்கள்மாரையும் கோயில் சபைகளில் இருந்த பெரியவர்களையும் கேட்டுத் திருத்திக்கொண்டேன். திருத்திய பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கொழும்பில் மிகப் பழைய கோயில் எது?

மருதானையில், ரயில் பாதைகளுக்கு அருகே இருக்கும் கப்பித்தாவத்தைக் கோயில் என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். கப்டனின் தோட்டம் என்ற பெயர் சிங்களத்துக்குள் புகுந்து, தமிழ் வாயில் உருண்டு, கப்பித்தாவத்தை ஆகிவிட்டது. பால செல்வ விநாயகரும் கைலாசநாதரும் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் ‘பழைய’ என்ற சொல்லைத் திருகோணமலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். திருக்கோணேச்சரமும் மன்னார்த் திருக்கேதீச்சரமும் சம்பந்தர் பாடிய தலங்கள். கொழும்பில் தேவாரம் பெற்ற தலம் ஒன்றுமில்லை. இது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டை கட்டி வைத்திருந்த துறைமுகம். சைவக் கோயில் எழும்ப அவர்கள் இடம் கொடுக்கவில்லை. இன்று நாம் கும்பிடும் பெரிய கோயில்களில் பல ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தவை.

இவற்றைக் கட்டியவர்கள் யார்?

கோயில் நிற்கும் தெருவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். புறக்கோட்டையில் ஆங்கிலத்தில் கடல் தெரு என்ற பொருளில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். நமக்கு அது செட்டியார் தெரு, சிங்களவருக்கு ஹெட்டி வீதிய. அரிசி வியாபாரத்துக்கும் பணம் கொடுக்கல் வாங்கலுக்கும் கடல் கடந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே பழைய கதிரேசன் கோயிலையும் புதிய கதிரேசன் கோயிலையும் கட்டினார்கள். வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். கணக்குப் புத்தகத்தில் முருகனுக்கும் ஒரு பக்கம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் ஒரு குடும்பத்தின் கொடை. 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டினார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார்.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, முகத்துவாரம் பக்கத்து மாரியம்மன், காளியம்மன் கோயில்களின் கதை வேறு. துறைமுகத்திலும் நகரத்துக் கூலி வேலைகளிலும் இருந்த மக்கள் முதலில் ஒரு கல்லையோ சூலத்தையோ வைத்துக் கும்பிட, அது கொட்டிலாகி, பிறகு கோயிலாக வளர்ந்த வகை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கூட்டம் பெருகியது வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்களால். ஆகவே கொழும்பில் ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் வழக்கம் வேறுபட்டால் திகைக்க வேண்டாம்.

எங்கள் ஊர்க் கோயில் மாதிரி இவை ஏன் இல்லை?

பெரியம்மா வருடா வருடம் கேட்கும் கேள்வி இது. ஊரில் கோயிலைச் சுற்றி நான்கு வெளிவீதி, கேணி, தேர்முட்டி, நிழலுக்கு ஒரு மருதமரம். இங்கேயோ ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் சாப்பாட்டுக்கடை, வாசலில் பஸ் புகை.

எனக்குக் கொழும்புக் கோயில்களில் பிடித்ததே இந்த நெருக்கம்தான். பெரிய பட்டுச் சேலையைக் கசங்காமல் மடித்துச் சிறிய பெட்டிக்குள் வைத்ததுபோல, ஆகமம் சொல்லும் அத்தனையையும் நான்கைந்து பரப்புக் காணிக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். உள்வீதி இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலம்தான். ஆனாலும் அது வீதி. கேணி இல்லை, கிணறு இருக்கிறது. அபிஷேகத் தண்ணீர் அதிலிருந்து வருகிறது. தேர் ஓட மாநகர சபையின் தார் வீதி. அதற்குப் பொலிஸ் அனுமதியும் வேண்டும், தொங்கும் மின்கம்பிகளைத் தடியால் உயர்த்திப் பிடிக்க நான்கு பெடியன்களும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பலிபீடம், கொடிமரம், வாகனம், வசந்த மண்டபம், யாகசாலை, மடைப்பள்ளி, மணி, வைரவர் ஆகிய எட்டையும் யார் முதலில் கண்டுபிடிப்பது என்று விட்டுவிடுவேன். வசந்த மண்டபம் அநேகமாக உடனே அகப்படும்: எழுந்தருளி மூர்த்திகளை அலங்கரித்து வைக்கும் இடம். யாகசாலை பெரும்பாலான நாட்களில் பூட்டியிருக்கும், அல்லது கதிரைகள் அடுக்கிவைக்கும் அறையாக இருக்கும். வைரவரைத்தான் கடைசியில் காண்பார்கள்; வடகிழக்கு மூலையில் நாயோடு நிற்பார். அவர் கோயிலின் காவல்காரர். இரவில் நடை சாத்தியதும் திறப்பை அவரிடம் ஒப்படைத்துப் போவது மரபு.

கோயில் என்பது படுத்திருக்கும் மனித உடம்பு என்கிறார்களே, அது எப்படி?

கோபுரத்தைப் பாதமாகவும் கருவறையைத் தலையாகவும் வைத்து, மல்லாந்து படுத்திருக்கும் ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள். கருவறைக்கு முன்னால் ஒடுங்கியிருக்கும் அர்த்த மண்டபம் கழுத்து. அகன்ற மகா மண்டபம் மார்பு. பாதத்தில் நுழைந்து தலைவரை நடக்கிறோம். உடம்பே ஆலயம், உள்ளமே கருவறை, வாயே கோபுரவாசல் என்று திருமூலர் பாடியதும் இந்தக் கணக்கைத்தான். அவர் மறுமுனையிலிருந்து தொடங்கினார்.

நடக்கும்போது கவனியுங்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், கூரை தாழும், இடம் ஒடுங்கும், சத்தம் அடங்கும். கொச்சிக்கடையில் இது நன்றாகப் பிடிபடும். வெளியே லொறிகளின் ஹோர்ன். கருங்கல் தூண்களுக்கு இடையே பத்து அடி உள்ளே போனால் அது எங்கோ தூரத்தில் கேட்கும். கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். புலன்களை ஒவ்வொன்றாக வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது கட்டடம். இதனால்தான் கருவறையில் மின்குமிழ் போடுவதைப் பல குருக்கள்மார் விரும்புவதில்லை. இருட்டில் ஒரு கர்ப்பூரச் சுடரில் அரை நிமிடம் தெரிகிற முகம்தான் தரிசனம். கர்ப்பூரம் தன்னை மிச்சம் வைக்காமல் எரிவதுபோல ‘நான்’ என்பதும் எரிய வேண்டும் என்பது அதற்குப் பெரியவர்கள் சொல்லும் பொருள்.

கொடிமரத்தடியில் மட்டும் விழுந்து கும்பிடச் சொல்வது ஏன்?

உள்ளே எங்கே விழுந்தாலும் ஏதாவது ஒரு சந்நிதிக்கு நேராகக் கால் நீண்டுவிடும். கொடிமரத்துக்கு வெளிப்பக்கம் அந்தச் சிக்கல் இல்லை. கிழக்குப் பார்த்த கோயிலானால் வடக்கே தலை வைத்து விழ வேண்டும். ஆண்கள் எட்டு உறுப்பும் நிலத்தில் படும் அட்டாங்க வணக்கம், பெண்கள் ஐந்து உறுப்புப் படும் பஞ்சாங்க வணக்கம். பக்கத்திலிருக்கும் பலிபீடம் உயிர்ப்பலிக்கு வைத்த மேடையோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அங்கே நாம் விடவேண்டிய பலி ஆணவம் முதலிய குணங்கள்.

கொடிமரத்துக்குள் சைவ சித்தாந்தம் முழுவதும் நிற்கிறது. மரம் பதி, அதாவது இறைவன். ஏறுகிற கொடிச்சீலை பசு, அதாவது உயிர். சுற்றியிருக்கும் தர்ப்பைக் கயிறு பாசம், அதாவது உயிரைப் பிணைத்திருக்கும் கட்டு. சீலையை மேலே இழுக்கிற கயிறு திருவருள். உயிர் தானாக ஏறாது, அருள்தான் தூக்கவேண்டும், ஏறும்போதும் பாசம் கூடவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஓர் ஐயர் இதைக் கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் சமய பாடம் படித்தும் விளங்காமல் விட்டது அது.

கொச்சிக்கடையில் நடராசர் முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

கை, கால், தீ. உடுக்கை பிடித்த கை படைக்கிறது. ‘அஞ்சாதே’ என்று காட்டும் கை காக்கிறது. தீ ஏந்திய கை அழிக்கிறது. காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அரக்கன்மேல் ஊன்றிய கால் மறைக்கிறது. தூக்கிய கால் அருளுகிறது. நின்று பார்த்தால் ஐந்தொழிலும் ஒரே உருவத்தில் நடந்துகொண்டிருக்கும். பெரிய திருவிழாவும் இதே ஐந்தைப் பத்து நாளுக்கு விரித்துக் காட்டுவதுதான்: கொடியேற்றத்தில் படைப்பு, தேரில் அழிப்பு, தீர்த்தத்தில் அருள். ஊரில் கேணியில் ஆடும் தீர்த்தத்தை இங்கே சில கோயில்கள் கடலில் ஆடுகின்றன; ரயில் தண்டவாளத்தைக் கடந்து சுவாமி மணலில் இறங்கும் காட்சியைக் கொழும்பில்தான் பார்க்கலாம்.

நடராச வடிவத்தின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்ன கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். இந்தக் கோயிலை முதலில் கட்டிய பொன்னம்பல முதலியார் அவருக்கு அத்தையின் கணவர். உறவுமுறை சொன்னால்தான் நம் ஆட்களுக்கு ஒரு விஷயம் மனத்தில் நிற்கிறது.

ஆடி வேல்விழா ஏன் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகிறது?

தெற்கேயிருக்கும் முருகன் தலமான கதிர்காமத்துக்குப் போகமுடியாத ஆண்டுகளில் தொடங்கிய விழா அது. 1870களில் வாந்திபேதி பரவும் என்ற பயத்தில் ஆங்கிலேய அரசு கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. போக முடியாவிட்டால் என்ன, கதிர்காமத்துப் பெருவிழா நடக்கும் அதே நாட்களில் முருகனைக் கொழும்பிலேயே யாத்திரை கூட்டிப்போவோம் என்று நகரத்து அடியார்கள் முடிவுசெய்தார்கள். 1874 முதல் வேல் ரதம் ஓடுகிறது என்பது மரபுக் கணக்கு. ‘கதிரேசன்’ என்ற பெயரே கதிர்காமத்து ஈசன்தான். அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டி நகரத்துக்கு வெளியே இருந்தது. பயணம் என்று சொல்லத்தக்க தூரம். இன்று காலி வீதி நெரிசலில் மறுபடியும் அப்படித்தான் ஆகிவிட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் ரதம் வீதிக்கு வரவில்லை. என் அப்பாவின் தலைமுறைக்கு வேல்விழா என்றால் காலி வீதி ஓரத்தில் சாய்த்துவைத்த கரும்புக் கட்டுகள். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

முருகன் விழாவுக்கு வேலின் பெயர் ஏன் என்றும் கேட்பார்கள். கதிர்காமத்தில் கருவறை திரைக்குப் பின்னால் இருக்கிறது. யானைமேல் போவது மூடிய பேழை, உருவச் சிலை அல்ல. அதற்குள் அறுகோண யந்திரம் என்பது நம்பிக்கை. முருகனை உருவமில்லாமலும் கும்பிடும் அந்த வழிக்கு வேல் மிகப் பொருத்தம். வேல் என்பது ஞானசக்தி: அடி ஆழமானது, நடு அகலமானது, நுனி கூர்மையானது. அறிவும் அப்படி இருக்க வேண்டும்.

ஒரே விரதத்தை இரண்டு கோயில்களில் இரண்டு நாட்களில் பிடிப்பது ஏன்?

பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளின்படி கணிப்பது. திருக்கணிதம் இக்கால வானியல் கணிப்பைத் தழுவியது. திதி தொடங்கும் நேரம் இரண்டிலும் சில மணி நேரம் வித்தியாசப்படும். அந்த வித்தியாசம் சூரிய உதயத்தில் குறுக்கிட்டால் விரதம் ஒரு நாள் தள்ளிப்போகும். எது சரி என்று தொடங்கினால் சோறு ஆறிவிடும். நீங்கள் எந்தக் கோயிலில் காப்புக் கட்டுகிறீர்களோ அந்தக் கோயிலின் நாளைப் பின்பற்றுங்கள். கேதாரகௌரி விரதகாரர்கள் கட்டாயம் முன்கூட்டிக் கேட்டுவைக்க வேண்டும்.

அர்ச்சனைக்குக் கோத்திரம் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரியாதே?

இலங்கைச் சைவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ‘சிவகோத்திரம்’ என்று சொன்னால் போதும். விஷ்ணு கோயிலில் ‘விஷ்ணு கோத்திரம்’. பெயரும் நட்சத்திரமும் முக்கியம். பிள்ளைகளின் நட்சத்திரத்தைக் கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள். சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு ரொறன்ரோவுக்கு அழைத்து, அங்கே நடுச்சாமத்தில் தூங்குகிற தாயை எழுப்பி, ‘சின்னவனுக்கு அத்தமா சித்திரையா’ என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நட்சத்திரமும் தெரியாவிட்டால் சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொல்லுங்கள். குறை ஒன்றுமில்லை.

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டுமா?

சில கோயில்களில் கட்டாயம், சிலவற்றில் விருப்பம். வாசலில் எழுதியிருக்கும். வேட்டியோடு போனால் எங்கும் பிரச்சினையில்லை. அரைக்காற்சட்டை வேண்டாம். பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, பஞ்சாபி எல்லாம் சரி. உள்ளே படம் எடுக்க வேண்டாம். கேட்டுவிட்டு எடுத்தாலும் கருவறைப் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாது.

பூசை முடிந்ததும் ஒருவர் எழுந்து வரிசையாகப் பாடுகிறாரே, அது என்ன?

பஞ்சபுராணம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலும் ஒவ்வொரு பாட்டு. முருகன் கோயிலில் பின்னால் ஒரு திருப்புகழும் சேரும். கடைசியில் மழை பெய்யவும் நாடு நலம்பெறவும் வேண்டும் வாழ்த்துப் பாட்டு. இலங்கைக் கோயில்களில் இது பூசையின் ஓர் அங்கமாகவே ஊன்றிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டு அசந்துபோனார். அவருடைய ஊர்க் கோயிலில் ஓதுவார் இருந்தால்தான் பாட்டு, இங்கே வங்கி முகாமையாளரும் பாடுகிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் பாடுகிறது.

பாட யாரும் இல்லாத நாளில் ஐயர் சபையைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரம் எல்லாரும் தரையைப் பார்ப்போம். உங்கள் பிள்ளைக்கு ஒரு தேவாரமாவது முழுக்கத் தெரிந்திருந்தால் முன்னால் அனுப்புங்கள். சுருதி சேராவிட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிங்கள மக்களும் வருகிறார்களே, அவர்களுடைய நம்பிக்கை என்ன?

வெள்ளவத்தை மயூராபதி பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் முகத்துவாரம் காளி கோயிலுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். பூத்தட்டோடு நிற்பவர்களில் கணிசமானோர் சிங்களவர். பௌத்தத்தில் புத்தர் வழிகாட்டி. நோய், வழக்கு, பரீட்சை, வெளிநாட்டுப் பயணம் முதலிய உலகக் காரியங்களுக்குத் தெய்வங்களைக் கேட்பார்கள். விஷ்ணுவும் கதிர்காமத் தெய்வமும் அவர்களுக்கு நாட்டையும் பௌத்தத்தையும் காக்கும் தெய்வங்கள். பத்தினித் தெய்வம் என்று அவர்கள் வணங்குவது நம் கண்ணகி. பல விகாரைகளின் வளவிலேயே இவர்களுக்குத் தேவாலயம் இருக்கிறது. ஆகவே அவர்கள் நம் கோயிலுக்கு விருந்தாளியாக வருவதாக நினைக்க வேண்டாம். தங்கள் தெய்வத்திடம்தான் வருகிறார்கள். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் பல பொடியன்களுக்கு இருபத்தேழு நட்சத்திரத்தின் சிங்களப் பெயரும் பாடம்.

சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரித்தால் சனியன் போய்விடுமா?

நவக்கிரகங்களைப் பற்றிக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சனீஸ்வரனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாவம், மற்ற எட்டுப் பேர். சித்தாந்தத்தின்படி கிரகங்கள் நம் வினையின் பயனைக் கொண்டுவந்து சேர்ப்பவை. கடிதம் எழுதியவர் நாம்தான், தபால்காரரோடு கோபித்துப் பயனில்லை. புரட்டாசிச் சனியில் எள்ளுப் பொட்டலியை எண்ணெயில் நனைத்துச் சட்டியில் எரிப்பது நம்முடைய வலுவான வழக்கம். செய்யுங்கள். ஆனால் முதலில் மூலவரைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். நேரே நவக்கிரகத்துக்கு ஓடி, சனிக்கு எரித்துவிட்டு, மூலவரை எட்டிப் பார்க்காமலே செருப்பை மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லாமல் வாசலில் இருப்பவரோடு மட்டும் பேசிவிட்டுப் போவதற்கு என்ன பெயர்?

சண்டேசுரர் முன்னால் கை தட்டலாமா?

மெல்ல. அவர் தியானத்தில் இருக்கிறார். சிவன் சொத்தில் எதையும் நான் எடுத்துப்போகவில்லை என்று கையைக் காட்டிக் கணக்கு ஒப்புவிக்கும் இடம் அது. படார் படாரென்று அடித்து எழுப்புவதும், சேலை நூலைப் பிய்த்து அவர்மேல் போடுவதும் பின்னால் வந்த பழக்கங்கள்.

கோயில் திருத்த வேலை நடக்கும்போது சுவாமி எங்கே இருப்பார்?

பாலஸ்தாபனத்தில். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, அங்கிருந்து படத்துக்கோ மரப்பலகைக்கோ மாற்றி, சிறிய தற்காலிகச் சந்நிதியில் பூசை செய்வார்கள். கருவறை அந்த நாட்களில் வெறும் கட்டடம். மேசன் ஏறி நின்று வேலை செய்யலாம். உருவத்துக்குள் இறைவன் அழைக்கப்பட்டு வந்து அமர்கிறார் என்ற நம்பிக்கையின் மறுபக்கம் இது. அழைக்கத் தெரிந்தவருக்கு வேறிடத்துக்கு மாறியிருக்கச் சொல்லிக் கேட்கவும் தெரிய வேண்டும்.

வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம். பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. மூர்த்தியைப் பீடத்தில் ஒட்டவைக்கும் மருந்து அஷ்டபந்தனம்: கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், செங்காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய், சாதிலிங்கம், செம்பஞ்சு என்ற எட்டையும் இடித்து இளக்கிச் சாத்துவார்கள். கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாள் எண்ணெய்க்காப்பு. எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடக்கூடாத நாள் அது. குருக்கள் மட்டும் புகும் கருவறைக்குள் அன்று அடியார்கள் வரிசையாகப் போய்த் தங்கள் கையாலேயே மூர்த்திக்கு எண்ணெய் சாத்தலாம். நான் ஒரு முறை போயிருக்கிறேன். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, உள்ளே கிடைத்தது ஐந்தாறு விநாடி. கல் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது, எண்ணெயில் வழுக்கியது, கை நடுங்கியது. எனக்குப் பின்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் வெளியே வந்து, எண்ணெய் பட்ட கையைக் கழுவாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்துபோனார்.

செத்தவீடு நடந்த குடும்பம் எத்தனை நாள் கோயிலுக்குப் போகக்கூடாது?

வடக்கு வழக்கில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை துடக்கு. யாருக்கு எத்தனை நாள் என்பது உறவையும் குடும்பத்தையும் பொறுத்து மாறும். வீட்டு ஐயரைக் கேளுங்கள். தந்தையின் இறுதிக் கிரியைக்கு இரண்டு வாரம் லீவில் வந்தவர்கள் கோயிலைப் பாராமல் விமானம் ஏறுவதை நினைத்து வருந்துகிறார்கள். கோபுர தரிசனத்துக்குத் துடக்கு இல்லை. வெளிவீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிடலாம். உள்ளே போகமுடியாதவர்களும் நெருங்க முடியாதவர்களும் தூரத்திலிருந்தே காணட்டும் என்றுதான் அதை அவ்வளவு உயரமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஒரே நாளில் எத்தனை கோயில் பார்க்கலாம்?

ஐந்து போதும். காலைப் பூசைக்குக் கொச்சிக்கடைக்குப் போங்கள். பக்கத்திலேயே புனித அந்தோனியார் தேவாலயம் இருக்கிறது. நம் ஆட்களில் பலர் அங்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். அங்கிருந்து ஜிந்துப்பிட்டி முருகனைக் கும்பிட்டு, நடந்தே செட்டியார் தெருவுக்கு வந்து இரண்டு கதிரேசன் கோயில்களையும் பாருங்கள். உச்சிக்காலப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், மாலைவரை திறக்காது. அந்த இடைவெளியில் சாப்பிட்டு, புறக்கோட்டையில் 100 அல்லது 101 இலக்க பஸ் எடுத்துக் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்கு வந்தால், சிறிது இளைப்பாறி மயூராபதியில் மாலைப் பூசையோடு முடிக்கலாம். வெள்ளிக்கிழமையானால் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். செருப்பை வாகனத்தில் விட்டு இறங்காதீர்கள். செட்டியார் தெருத் தார் பகல் பதினொரு மணிக்கே கால் சுடும்.